உபயம் எழுதாத டியூப் லைட்

வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று வரச் சொல்லியிருந்தார்கள். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், பயிற்சிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் ஒரு கவரில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். தேர்வு நடத்திய டாக்டரம்மா கவரைத் திறக்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வீட்ல பழைய டேபிள் ஃபேன் எதுனா சும்மா கெடக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்கு என்ன பதில் சொன்னால் வேலை கிடைக்கும் என்று புரியவில்லை.

"ஒண்ணு இருக்குது மேடம். ஆனா சுத்தும்போது கடகடன்னு சத்தம் வரும்."

"சத்தம் வந்தா வரட்டும். காத்து வருதில்ல? ஒண்ணாந்தேதி வேலைக்கு வர்றப்ப எடுத்துட்டு வந்துடு."

எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதே பஸ் நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. வீட்டில் சொன்னதும் அம்மா, "அது சம்பளம் குடுக்கற எடமா, இல்ல நம்மகிட்ட வாங்கற எடமா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்று போகப் போகத் தெரிந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கடன் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல செல்போனைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஜனங்கள், வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றானதும் ஆளுக்கொன்றாக வாங்கத் தொடங்கியிருந்தார்கள். முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், முன்பு தறி ஓடிக்கொண்டிருந்த ஒரு நீளமான கூடம்தான் எங்கள் மையம். மனநோய் முதல்முறையாக வந்தவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்ப்பது எங்கள் ஆய்வு. முதலில் அவர்களை எங்கே கூட்டிப்போகிறார்கள், எத்தனை இடம் சுற்றிவிட்டு டாக்டரிடம் வருகிறார்கள், மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள், கடைசிவரை கூட நிற்பது யார் என்றெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது என் வேலை. வியாழக்கிழமைதோறும் அவர்கள் எல்லோரும் மையத்துக்கு வருவார்கள்.

பணம் டெல்லியிலிருந்து வந்தது. வந்தது என்றால், சம்பளத்துக்கு மட்டும் வந்தது, அதுவும் தீபாவளிக்கு வரவேண்டியது பொங்கலுக்கு வந்தது. நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் காசு, ஒரு வாய் டீ, இதெல்லாம் ஆராய்ச்சியில் சேராது என்று அடித்துவிட்டார்கள். நோயாளி நின்றுகொண்டே பதில் சொல்லுவார் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆகவே டாக்டரம்மா கேட்டார். ஊரில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டார்.

எனக்குத் தெரிந்து அப்படிக் கூச்சமில்லாமல் கேட்கிற ஒரு மனுஷியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கல்யாண வரவேற்புக்குப் போனால் மணமக்களுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, நேராக மண்டபத்து மேனேஜரிடம் போய் உடைந்த நாற்காலி ஏதாவது இருக்கிறதா என்பார். கோவிலில் பிரசாதம் வாங்குகிற வரிசையில் முன்னால் நிற்பவரிடம் என்ன தொழில் என்று விசாரிப்பார். அந்த ஆள் பெயிண்ட் கடைக்காரர் என்றால் முடிந்தது, எங்கள் கூடத்துக்கு அந்த மாதமே வெள்ளையடிக்கப்படும். கூட நிற்கும் எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

"உங்களுக்குக் கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்காதா மேடம்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எதுக்கு? கேட்டா நாக்கா தேஞ்சிடும்?" என்றார். "இல்லன்னா இல்லன்னு சொல்லப்போறாங்க. அடிக்கவா போறாங்க?"

எங்களிடம், ஆய்வுக்காக நோயாளிகளிடம் எடுக்கும் ரத்த மாதிரிகளை வைக்க உறைபெட்டி இல்லை. கடற்கரைப் பக்கம் மூடப்போகிற ஓர் ஐஸ்கிரீம் கடையில் கேட்டு ஒன்றை வாங்கிவந்தார். மூடியில் பெரிய கோன் ஐஸ் படம் ஒட்டியிருக்கும். சுரண்டியும் போகவில்லை. வியாழக்கிழமைகளில் அம்மாக்களோடு வரும் குழந்தைகள் அதைப் பார்த்து அடம்பிடித்து அழும், உள்ளே இருப்பது ரத்தக் குப்பிகள் என்று எப்படிச் சொல்வது? ஒருமுறை பகல் முழுக்க மின்சாரம் இல்லை. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனார். கரையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்று ஐஸ் கேட்டார்.

"எத்தினி கிலோ மீனுக்கும்மா?" என்றார் அவர்.

"மீனுக்கு இல்லப்பா. மனுச ரத்தத்துக்கு."

அந்த மனிதர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இரண்டு பெட்டி நிறைய ஐஸ் கொடுத்து, காசு வேண்டாம் என்று கையை ஆட்டி எங்களை அனுப்பிவைத்தார். பயத்தில் கொடுத்தாரா, பாவம் பார்த்துக் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கணினி வந்த கதையும் அப்படித்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற, எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா' என்கிற ஒரு சிப்பாய்த் தாத்தாவுக்கு, பாரிசில் இருந்த மகன் தன் பழைய கணினியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டாக்டரம்மா அதைக் கேட்டு வாங்கிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களின் விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும். எங்கள் கணக்காளர் அண்ணன், பாவம், டெல்லிக்கு அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுத்துகளைத் தப்பும் தவறுமாக அடித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வார்.

டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லத் தெரியாது. எது வந்து இறங்கினாலும் அதன்மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைப்பார். பிறகு கொடுத்தவரைப் பார்த்து, "வாங்கிக்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான். உறைபெட்டிக்கும் அதே சொல், நான் தூக்கிவந்த டேபிள் ஃபேனுக்கும் அதே சொல்.

பல வருடங்கள் கழித்து என் கணவரோடு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது டாக்டரம்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கணவரை அறிமுகப்படுத்தினேன். "தம்பி, உங்க ஆபீஸ்ல பழைய பிரிண்டர் எதுனா கெடக்குதா?" என்றார். கணவர் அதிர்ச்சியில் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நம் ஊர்க் கோவில்களில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். 'உபயம்' என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், கடை, தெரு எல்லாவற்றையும் சிவப்புப் பெயிண்டில் எழுதி, வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் செய்திருப்பார்கள். கண் சிகிச்சை முகாமுக்குக் கொடுத்தால் பேனரில் படம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டு வேண்டும். எங்கள் மையத்துக்குக் கொடுத்தவர்களோ, கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "பேரு மட்டும் எங்கயும் போட்டுடாதீங்க." ஒருவர் மின்விசிறியைச் சாக்குப் பையில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, யார் அனுப்பியது என்று சொல்லக்கூடாது என்று ஆட்டோக்காரரிடம் சத்தியம் வாங்கி அனுப்பினார். பைத்தியத்துக்குக் கொடுத்தால், கொடுத்தவர் வீட்டில் யாருக்கோ பைத்தியம் என்று பேசுவார்களாம். அதனால் எங்கள் டியூப் லைட்டுகளில் ஓர் எழுத்துகூட இருக்காது. முத்தியால்பேட்டையிலேயே நல்ல வெளிச்சம் எங்கள் கூடத்தில்தான்.

டாக்டரம்மாவைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு இருந்தது. அவர் வீட்டிலேயே யாருக்கோ இருக்கிறது, இல்லாவிட்டால் இப்படி அலைவாரா என்று. நான் ஒரு நாள் சுற்றிவளைக்காமல் கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "யாருக்கு இருக்குது, யாருக்கு இல்லன்னு நான் எப்பவும் சொல்றதில்ல. என் வீட்டுக்கும் அதேதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இன்னொரு நாள், நல்ல மனநிலையில் இருந்தபோது கிண்டலாகக் கேட்டேன். "இத்தன பேர்கிட்ட கேட்டிருக்கீங்களே, ஒருத்தராவது முடியாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

"ஒருத்தன் இருக்கான்" என்றார். "ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன். தர மாட்டேங்கறான்."

"அவ்வளவு பெரிய ஆளா மேடம்?"

"ஆளு பெருசில்ல. கேக்கறது பெருசு."

சினிமாக் கொட்டகை முதலாளியாக இருக்கும், அல்லது மொத்த வியாபாரத்தில் மது விற்கிற யாராவது இருக்கும் என்று நானும் கணக்காளர் அண்ணனும் நாள்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குக் கொடுத்தவர்களில் பெரிய கை, மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடை முதலாளி. டாக்டரம்மா படியேறுவதைப் பார்த்ததும், "டேய், கல்லாவ மூடுங்கடா, அம்மா வந்துட்டாங்க" என்று கடைப் பையன்களிடம் சத்தம் போடுவார். அப்புறம் கேட்டதற்கு மேலேயே கொடுப்பார். கூடத்தில் கிடந்த பெஞ்சுகள் அத்தனையும் அவர் கொடுத்தவை. மின்சாரம் போனாலும் உறைபெட்டி ஓடுவதற்கு இன்வெர்ட்டரும் அவர்தான் மாட்டிக் கொடுத்தார். அவருக்கு ஒரே மகள். கல்லூரி முடித்த பெண். அந்த வருடம் நிச்சயம் ஆகி, தை மாதத்தில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் டெல்லியிலிருந்து குழு வருகிறது என்று தகவல் வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் அடுத்த சில வருடங்களுக்குப் பணம், பிடிக்காவிட்டால் மார்ச் மாதத்தோடு கூடத்தைப் பூட்டவேண்டியதுதான். இதில் உள்ளூர் மக்களின் பங்களிப்பு என்ன என்று நேரில் பார்ப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். கணக்காளர் அண்ணன் தன் தெருக் கோவிலில் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர். பங்களிப்பைக் காட்டு என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தபோது பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. கோவிலுக்கு எழுதுகிற பெயிண்டரையே கூட்டிவந்திருந்தார். டியூப் லைட், மின்விசிறி, பெஞ்சு, உறைபெட்டி என்று ஒன்று விடாமல் சிவப்பு எழுத்துகள். பெயிண்டர் தன் பழக்கப்படி, பெயரோடு நிறுத்தாமல் வேண்டுதலையும் சேர்த்திருந்தார். ஹார்டுவேர் முதலாளி கொடுத்த பெஞ்சுகளில் அவர் பெயர், கடை பெயர், அதன் கீழே மகளின் பெயர். 'செல்வி இன்னார் நலம் பெற வேண்டி.'

கோவிலில் அந்த வரிக்கு ஒரு பொருளும் இல்லை, எல்லோரும் எழுதுவதுதான். மனநோய் மையத்தின் பெஞ்சில் அதை எழுதினால் அந்தப் பெண்ணுக்கே நோய் என்றாகிவிடும்.

"அண்ணே, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏம்மா, குடுத்த புண்ணியவான் பேரு இருக்கவேணாமா?" என்றார் பெருமையாக.

அதற்குள் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து அதே பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி போகவேண்டிய ஊருக்குப் போய்ச்சேர்ந்தது.

மறுநாள் டாக்டரம்மா வந்து பார்த்தார்.  அண்ணனைத் திட்டவில்லை. "தின்னர் வாங்கிட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். அண்ணன் கிளம்புவதற்குள் ஹார்டுவேர் முதலாளியே உள்ளே வந்தார். கையில் அவர் கடைத் தின்னர் டின்னும் பழைய துணியும் இருந்தன. குந்தி உட்கார்ந்து மகளின் பெயரைத் துடைக்க ஆரம்பித்தார். சிவப்பு மறையவில்லை, பெஞ்சு முழுக்கக் கறையாகப் பரவியது.

"கல்யாணத்த நிறுத்திட்டாங்க டாக்டரம்மா" என்றார், நிமிராமல். "எம் பொண்ணுக்கு நீங்கதான் வைத்தியம் பாக்கறீங்கன்னு பேசிக்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சுக்கு மரியாத இருக்குது."

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"சேதராப்பட்டு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பேக்டரில சூப்பர்வைசர்." பையனின் பெயரையும் சொன்னார்.

டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார். என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கே வேண்டுமானாலும் போய் நின்று கேட்கிறவர், அன்று எழுந்திருக்கவே தயங்கினார். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளியின் வேனில் மூன்று பேரும் போனோம். மாப்பிள்ளை வீடு விவசாயக் குடும்பம். முன்பக்கம் புதிதாகக் கட்டிய தளம், பின்பக்கம் மாட்டுக்கொட்டகை. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் அம்மாதான். அந்தப் பையன் ஷிப்ட் முடிந்து வந்த யூனிபாரத்தோடு, எங்களுக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனான்.

"நாங்க ஆரையும் குத்தம் சொல்லலம்மா" என்றார் அந்த அம்மாள். "பெஞ்சில அந்தப் பொண்ணு பேரு எழுதியிருக்குது. பாத்தவங்க வந்து சொன்னாங்க. நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வந்துடுச்சின்னா ஆரு பதில் சொல்றது?"

டாக்டரம்மா நடந்ததைச் சொன்னார். கணக்காளர் செய்தது, பெயிண்டர் எழுதியது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"சரிம்மா. நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. ஒண்ணு பண்ணுங்க. அவங்க வூட்ல ஆருக்கும் அந்த நோவு இல்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. தை மாசமே கல்யாணத்த வச்சிக்கலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெண் வீட்டிலிருந்து ஒருவர்கூட எங்களிடம் வந்ததில்லை, அது எனக்கே தெரியும். முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டிவிட்டார். டாக்டரம்மா பேனாவை வாங்கவில்லை.

"எழுத மாட்டேன்" என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. முதலாளியின் கை நீட்டியபடியே நின்றது.

"ஏம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"இருக்குதுன்னும் எழுத மாட்டேன், இல்லன்னும் எழுத மாட்டேன். எந்த வீட்டுக்கும் எழுத மாட்டேன். இன்னிக்கு உங்களுக்கு எழுதிக் குடுத்தேன்னு வச்சிக்குங்க. நாளைக்கு இவரு வந்து, உங்க பையனுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கன்னு கேப்பாரு. அப்ப நான் இன்னா பண்றது?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எம் புள்ளைக்கா? தாராளமாக் கேக்கட்டும். ஒண்ணுக்குப் பத்தா எழுதிக் குடுங்க!"

அந்த நேரத்தில் பையன் என் முன்னால் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டிருந்தான். பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டியது. "சாரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. கல்யாணம் கெட்டுப்போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

எழுத மறுத்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? இருக்கிறது என்றுதானே அர்த்தம். மாப்பிள்ளை வீட்டில் அன்று அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.  திரும்பி வந்து சந்து முனையில் எங்களை இறக்கிவிட்டபோதுதான் முதலாளி வாயைத் திறந்தார்.

"கேக்கறதுக்கு மட்டும் படியேறி வருவீங்க. இல்ல?"

 வேன் போனதும் நான் வெடித்துவிட்டேன். "ஒரு வரி மேடம்! உண்மையத்தானே எழுதப்போறீங்க? அந்தப் பொண்ணு வாழ்க்கையே போயிடுச்சி. அவரு குடுத்த பெஞ்சில ஒக்காந்துதானே நாம இத்தன நாளா எழுதறோம்?"

"தெரியும்" என்றார். கூடத்துக்குள் போய்விட்டார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதையெல்லாம் அந்த நிமிடம் கரைந்துபோனது. இப்படியும் ஒரு கல் மனசா என்று நினைத்தேன். ராஜினாமா எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். டெல்லிக் குழு வந்துபோகட்டும், கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஊர் தன் பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சாக்கில் சுற்றி மின்விசிறி அனுப்பியவர் அதே சாக்கோடு ஆளை அனுப்பினார். மண்டபத்து நாற்காலிகள் போயின. சொல்தா தாத்தா தானே ரிக்‌ஷாவில் வந்து, மன்னிக்கவேண்டும், வீட்டில் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கணினியை ஏற்றிக்கொண்டு போனார். டியூப் லைட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஹார்டுவேர் முதலாளி மட்டும் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று சொன்னாராம். ஆக, கறை படிந்த பெஞ்சுகளும், இன்வெர்ட்டரும், கோன் ஐஸ் படம் போட்ட உறைபெட்டியும், என் கடகடக்கும் டேபிள் ஃபேனும்தான் மிச்சம்.

அந்த நிலையில்தான் டெல்லிக் குழு வந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, உள்ளூர்ப் பங்களிப்பு நிறைய இருப்பதாக எழுதியிருந்தீர்களே, எங்கே என்று கேட்டார். கணக்காளர் அண்ணன் அழுதுவிடுவார் போல நின்றார். டாக்டரம்மா மேலே கையைக் காட்டினார். கூரையில் வெறும் கொக்கிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"போன வாரம்வரைக்கும் அங்கே மின்விசிறி இருந்தது. கொடுத்தவர் நல்லவர். அவர் பெயர் வெளியே தெரிந்ததும் பயந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்காகப் பயந்தார் என்று கண்டுபிடிக்கத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு வருடத்துக்குப் பணம் நீட்டித்தார்கள். நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் அப்போதும் கொடுக்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, டாக்டரம்மா யாரிடமோ உடைந்த நாற்காலி கேட்கக் கிளம்பியதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை. ராஜினாமாவைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். முதல் பெஞ்சில், சிவப்புக் கறையின் மேல், சேதராப்பட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். பக்கத்தில் யூனிபாரத்தோடு அந்தப் பையன்.

சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூச்சு வாங்க உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். பையன் எழுந்து நின்றான்.

"சொல்லிட்டேன் மேடம்" என்றான்.

"யார்கிட்ட?"

"அம்மா, அப்பாகிட்ட சொன்னேன். நேத்து சாயங்காலம் ஹார்டுவேர் கடைக்குப் போயி மொதலாளிகிட்டயும் சொன்னேன். அவங்க வீட்ல ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் இருக்குது, ஞாயித்துக்கெழமைல டாக்டரம்மா வீட்டுக்குப் போயி மாத்திர வாங்கறேன்னு. அந்தப் பொண்ணுகிட்டயும் நானேதான் சொன்னேன்."

"அது இன்னா சொல்லிச்சி?"

"யோசிச்சிச் சொல்றேன்னு சொன்னாங்க."

  மாப்பிள்ளையின் ஊரைக் கேட்டதும் இவர் உட்கார்ந்தது, என் மடியில் கொட்டிய தண்ணீர், தர மாட்டேங்கறான் என்று சொன்ன அந்த ஒருத்தன், அவனிடம் இவர் இத்தனை நாளாகக் கேட்டது இந்த உண்மையைத்தான் என்பது, எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் அடித்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு பத்து லெட்டர் கேட்டபோது, இவர் எல்லாம் தெரிந்தும் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு வீட்டுக்கு எழுதியிருந்தால், இன்னொரு வீட்டுக்கு எழுத முடியாமல் போய், அதுவே இந்தப் பையனைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அந்த அம்மாள் முந்தானைக்குள் விசும்பிக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் மகனின் சட்டை நுனியை விடாமல் பிடித்திருந்தது. என் டேபிள் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அந்தப் பையனின் தோளில் உள்ளங்கையை வைத்தார். 

"வாங்கிக்கிட்டேன்" என்றார்.